கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? எந்தப் படியில நிக்குதுன்னு முதல்ல பாருங்க

[காட்சி: மூடிய கேபினெட். ஒரு விரல் பவர் பட்டனை அழுத்துகிறது.]

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலை"ங்கிற ஒரே வரிக்குள்ள மூணு தனித்தனிப் பிரச்சினை இருக்கு. பட்டனை அழுத்தினாலும் எந்த அசைவும் இல்லாதது ஒண்ணு. ஃபேன் சுத்தும், லைட் எரியும், ஆனா மானிட்டர்ல ஒண்ணும் வராது, அது இன்னொண்ணு. மதர்போர்டு லோகோ வரைக்கும் வந்துட்டு விண்டோஸுக்குள்ள போகாம நிக்கிறது மூணாவது. மூணுக்கும் காரணம் வேற, கை வைக்க வேண்டிய இடமும் வேற. இதைப் பிரிச்சுப் பார்க்காம ராமை மாத்துறது, விண்டோஸை மறுபடி போடுறதுன்னு இறங்கினா பணம் வீணாகும். சில சமயம் டேட்டாவும் போயிடும்.

[காட்சி: 24 பின் கனெக்டர், நெருக்கத்தில்.]

பட்டனை அழுத்தினா உள்ள என்ன நடக்குது? எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள்ள இருக்கிற பவர் சப்ளை பெட்டி), கம்ப்யூட்டர் ஆஃப்ல இருக்கும்போதும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கும். பட்டன் அழுத்தினதும் மதர்போர்டு 24 பின் கனெக்டர்ல இருக்கிற பச்சை வயரை கிரவுண்டுக்கு இழுக்கும். எஸ்எம்பிஎஸ் முழுசா ஆன் ஆகும். 12, 5, 3.3 வோல்ட் மூணும் நிலையா வந்த பிறகு "பவர் குட்"னு ஒரு சிக்னல் போகும். அது வந்தாதான் பிராசசர் பயாஸை, அதாவது மதர்போர்டுலேயே இருக்கிற தொடக்க மென்பொருளை, படிக்க ஆரம்பிக்கும். பயாஸ் ராமைத் தயார் பண்ணும், கிராஃபிக்ஸைத் தேடும், கடைசியா டிஸ்க்கைக் கண்டுபிடிச்சு விண்டோஸ் கிட்ட ஒப்படைக்கும். ஒரு படி முடியலைன்னா அடுத்தது தொடங்காது. அதனால எது வரைக்கும் வந்து நின்னுச்சுன்னு தெரிஞ்சா, பாதி வேலை முடிஞ்ச மாதிரிதான்.

கேபினெட்டைத் திறக்கிறதுக்கு முன்னாடி பவர் கார்டைக் கழட்டிடுங்க. கழட்டின பிறகு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடிங்க, மிச்சம் இருக்கிற மின்சாரம் இறங்கிடும். பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுட்டு வேலையை ஆரம்பிங்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. அதுக்குள்ள இருக்கிற பெரிய கெபாசிட்டர்ல, கார்டைக் கழட்டின பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல தங்கி இருக்கலாம்.

[காட்சி: எஸ்எம்பிஎஸ் பின்புற சுவிட்ச்.]

முதல் வகை: எந்த அசைவும் இல்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ் எதுவும் நடுவுல இல்லாம நேரா சுவர் பிளக்குல மாட்டிப் பாருங்க. பவர் கார்டை மாத்திப் பாருங்க. எஸ்எம்பிஎஸ் பின்னாடி இருக்கிற சுவிட்ச் ஆன்ல இருக்கா? பழைய எஸ்எம்பிஎஸ்ல 115, 230னு ஒரு சின்ன சிவப்பு சுவிட்ச் இருக்கும். 230 வோல்ட் வர்ற இடத்துல அதை 115ல வெச்சா எஸ்எம்பிஎஸ் வெடிச்சுடும்.

இது எல்லாம் சரியா இருந்தா, கேபினெட் பட்டனைச் சந்தேகப்படுங்க. பல பேர் இதைப் பார்க்காமலேயே எஸ்எம்பிஎஸ்ஸை மாத்திடுறாங்க. பவர் கார்டை மறுபடி மாட்டிக்கங்க. மதர்போர்டோட கீழ் ஓரத்துல பட்டன் வயர் வந்து சேர்ற ரெண்டு பின் இருக்கும், சரியான இடம் மேனுவல்ல இருக்கும். வயரைக் கழட்டிட்டு, அந்த ரெண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் நுனியால ஒரு நொடி தொட வைங்க. ஆன் ஆச்சுன்னா பட்டன்தான் பழுது. ரீசெட் பட்டனோட வயரை அந்தப் பின்னுல மாட்டினா போதும், இனிமே ரீசெட் பட்டனே பவர் பட்டனா வேலை செய்யும்.

அப்பவும் அசைவு இல்லைன்னா எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியா சோதிக்கணும். பவர் கார்டைப் பிடுங்கிட்டு எஸ்எம்பிஎஸ்லேர்ந்து போற எல்லாக் கனெக்டரையும் கழட்டுங்க. 24 பின்னுல பச்சை வயரையும் ஏதாவது ஒரு கருப்பு வயரையும் வளைச்ச பேப்பர் கிளிப்பால இணைச்சிட்டு, பிறகு பவர் கார்டை மாட்டுங்க. எல்லா வயரும் கருப்பா இருந்தா 16ஆவது பின்தான் அந்தப் பச்சை. எண்ணிக்கை எந்தப் பக்கத்துலேர்ந்து தொடங்குதுன்னு படத்தைப் பார்த்து உறுதிப்படுத்திக்கங்க. ஃபேன் சுத்துறதை மட்டும் வெச்சு நல்லா இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க. மல்டிமீட்டர்ல மஞ்சள் வயர் 11.4லேர்ந்து 12.6க்குள்ள, சிவப்பு 4.75லேர்ந்து 5.25க்குள்ள இருக்கணும். இதுவும் லோடு இல்லாத அளவுதான். இங்க சரியா காட்டிட்டு, கிராஃபிக்ஸ் கார்டு இழுக்கும்போது சரியுற எஸ்எம்பிஎஸ்ஸும் உண்டு.

பட்டனை அழுத்தினதும் ஃபேன் ஒரு விநாடி சுத்தி நின்னு, மறுபடி சுத்தி நிக்குதா? பெரும்பாலும் எங்கேயோ ஷார்ட், எஸ்எம்பிஎஸ் தன்னைப் பாதுகாத்துக்க அணையுது. மதர்போர்டுக்கு அடியில தப்பான இடத்துல ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்குற சின்ன உலோகத் தூண்) இருக்கா, முன்பக்க யுஎஸ்பி போர்ட்ல பின் வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கான்னு பாருங்க. அரை நிமிஷம் ஓடிட்டு அணைஞ்சா அது வேற கதை: பிராசசர் சூட்டை இழுக்கிற ஹீட்சிங்க் சரியா உட்காரலை, இல்லைன்னா அதோட ஃபேன் சுத்தலை.

[காட்சி: ராம் ஸ்லாட்டுகள், மதர்போர்டு ஓரத்தில் எரியும் சின்ன விளக்கு.]

ரெண்டாவது வகை: ஓடுது, டிஸ்ப்ளே வரலை. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா மானிட்டர் கேபிள் அந்தக் கார்டுலதான் மாட்டியிருக்கணும், மதர்போர்டுல இல்லை. பேரோட கடைசியில எஃப்னு முடியுற இன்டெல் பிராசசர்கள்ல உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால மதர்போர்டு போர்ட்ல என்ன மாட்டினாலும் படம் வராது. அடுத்து, பிராசசர் பக்கத்துல போற 8 பின் பவர் கனெக்டர். அது மாட்டலைன்னாலும் ஃபேன் சுத்தும், ஆனா பிராசசருக்கு மின்சாரம் போகாது. கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க இதே மாதிரி இருக்கும், அதை இதுல அழுத்திச் செருகாதீங்க.

பல மதர்போர்டுல சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்)னு நாலு சின்ன விளக்கு இருக்கும். எது அணையாம எரியுதோ அங்கதான் நின்னிருக்கு. விளக்கு இல்லாத போர்டுல ஸ்பீக்கர் மாட்டி பீப் ஒலியைக் கேட்கலாம், ஆனா அதோட அர்த்தம் பயாஸுக்கு பயாஸ் மாறும், மேனுவலைப் பார்க்காம முடிவுக்கு வராதீங்க.

இந்த வகையில அதிகம் மாட்டுறது ராம்தான். எல்லா ராமையும் கழட்டுங்க. தங்க நிறக் காண்டாக்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைங்க. ஒரே ஒரு ராமை, நாலு ஸ்லாட் இருந்தா பிராசசர்லேர்ந்து ரெண்டாவது ஸ்லாட்டுல, ஓரப் பூட்டு "டிக்"னு விழுற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. வரலைன்னா அடுத்த ராம். எல்லா ராமும் தோத்தா ஸ்லாட்டை மாத்துங்க. ஒரு நேரத்துல ஒரே மாற்றம்தான். ரெண்டை ஒண்ணா மாத்தினா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது. டிடிஆர்5 வகை ராம் போடுற போர்டா இருந்தா பொறுமை வேணும். புது ராம் போட்டாலும், பயாஸ் ரீசெட் ஆனாலும், போர்டு ராமோட அளவுகளைக் கத்துக்க சில நிமிஷம் எடுக்கும். அந்த நேரம் முழுக்கத் திரை கருப்பாவே இருக்கும். இடையில அணைச்சா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்.

அதுக்கும் அசையலைன்னா சிஎம்ஓஎஸ்ஸை, அதாவது பயாஸ் அமைப்பு சேமிச்சிருக்கிற இடத்தை, அழிக்கணும். பவர் கார்டைக் கழட்டிட்டு, மதர்போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரியை எடுத்து 5 நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. ஒரு எச்சரிக்கை: டிஸ்க்ல பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) போட்டிருந்தா, இதுக்கு அப்புறம் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் கையில இருக்கான்னு உங்க மைக்ரோசாஃப்ட் கணக்குல முன்னாடியே பாருங்க.

இன்னும் வரலையா? போர்டை வெளிய எடுத்து அட்டைப் பெட்டி மேல வைங்க. பிராசசர், ஹீட்சிங்க், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், மானிட்டர். இவ்வளவுதான், கிராஃபிக்ஸ் உள்ள இல்லாத பிராசசர்னா கிராஃபிக்ஸ் கார்டையும் சேர்த்துக்கங்க. ஆன் பண்ண, முன்ன சொன்ன பட்டன் பின் ரெண்டையும் ஸ்குரூ டிரைவரால தொட வைங்க. இங்க வந்துச்சுன்னா கேபினெட்டோ, கழட்டின வேற பாகமோதான் காரணம். ஒவ்வொண்ணா திரும்பச் சேர்த்துக்கிட்டே போங்க.

[காட்சி: பயாஸ் திரை, பூட் வரிசைப் பட்டியல்.]

மூணாவது வகை: லோகோ வருது, விண்டோஸ் வரலை. பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க் எல்லாத்தையும் பிடுங்கிட்டு பயாஸுக்குள்ள போங்க. டிஸ்க் பேரு தெரியுதா? தெரியலைன்னா, டிஸ்க்கை மதர்போர்டோட இணைக்கிற சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் மாத்துங்க. மதர்போர்டுலேயே நேரா மாட்டுற எம்.2 எஸ்எஸ்டின்னா கழட்டி மறுபடி மாட்டுங்க.

டிஸ்க் தெரிஞ்சும் பூட் ஆகலைன்னா, தேதியும் நேரமும் பல வருஷம் பின்னாடி போயிருக்கான்னு பாருங்க. போயிருந்தா சிஎம்ஓஎஸ் பேட்டரி தீர்ந்துடுச்சு. அதோட பயாஸ் அமைப்பும் தொடக்க நிலைக்கு மாறியிருக்கும். பூட் முறை யுஇஎஃப்ஐலேர்ந்து பழைய லெகசிக்கு மாறினா விண்டோஸ் இருக்கிற டிஸ்க் பூட்டே ஆகாது. டிஸ்க்கோட பேசுற முறையான சாட்டா மோடு ஏஎச்சிஐலேர்ந்து ரெய்டுக்குப் போனா, நல்லா இருக்கிற விண்டோஸ் கூட நீலத் திரையோட நின்னுடும். புது பேட்டரி போட்டு, அந்த ரெண்டையும் முன்ன இருந்த மாதிரி வெச்சு, பூட் வரிசையில விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கை முதல்ல கொண்டுவாங்க.

அமைப்பு சரியா இருந்தும் விண்டோஸ் பாதியில நின்னா, அடுத்தடுத்து சில தடவை பூட் தோத்த பிறகு ரிப்பேர் திரை தானா வரும். அதுல டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட விடுங்க. புது அப்டேட்டுக்கு அப்புறம் வந்த பிரச்சினைன்னா அதே இடத்துல அந்த அப்டேட்டை நீக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்லேர்ந்து "டக், டக்"னு சத்தம் வந்தா இது எதையும் செய்யாதீங்க. ரிப்பேர் ஓடுறதே அந்த டிஸ்க்கை முழுசா முடிச்சுடலாம். முக்கியமான டேட்டாவுக்கு வேற நகல் இல்லைன்னா உடனே அணைச்சிட்டு மீட்பு வேலை தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. சத்தம் இல்லாம, டிஸ்க் மெதுவா மட்டும் இருந்தா, லினக்ஸ் பென் டிரைவ்ல பூட் பண்ணி முதல்ல டேட்டாவை எடுத்துக்கங்க. மறுபடி விண்டோஸ் போடுறது அதுக்கு அப்புறம்தான். போடும்போதே ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் வந்தா விண்டோஸ் மேல பழியைப் போடாதீங்க, ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 புரோகிராமை ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் காட்டினாலும், ஓவர்கிளாக் (வேகத்தைக் கூட்டி வெச்ச) அமைப்பை நீக்கிட்டு மறுபடி சோதிங்க. அப்பவும் காட்டினா ராமை ஒவ்வொண்ணா தனியா ஓட்டி, எரர் வர்றதை மாத்துங்க.