ரெஃப்ரியைத் திட்டுமுன் விதிப்புத்தகத்தைத் திறங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களில் தீர்ப்புகள் வாரத்துக்கு வாரம் மாறுகின்றனவே, அதற்குப் பெரிதும் காரணம் ரெஃப்ரிகளா, விதிகளும் லீக் நிர்வாகமுமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ரெஃப்ரிகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் விதிகளையும் நிர்வாகத்தையும் கூண்டில் ஏற்ற வந்திருக்கிறேன்.

"சட்டையைப் பிடித்து இழுத்தால் இழுத்ததுதானே, இதில் என்ன குழப்பம்?" என்று கேட்டார். குழப்பமே அங்கேதான் ஐயா! பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரின் சட்டையைத் தடுப்பாட்டக்காரர் பிடிக்கிறார். பந்து இன்னும் அதை எறியும் குவார்ட்டர்பேக் கையில் இருந்தால் அதற்குப் பெயர் ஹோல்டிங்: எதிரணிக்கு 5 யார்டு, கூடவே புதிய முதல் டவுன் (10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள்; ஒவ்வொரு முயற்சியும் ஒரு டவுன்). பந்து கையை விட்டுக் கிளம்பியிருந்தால் அதே இழுப்பு பாஸ் இன்டர்ஃபெரன்ஸ், அதாவது பந்தைப் பிடிக்கவிடாமல் தடுத்த குற்றம் ஆகலாம். அப்போது குற்றம் நடந்த இடத்திலேயே பந்தை வைப்பார்கள். 45 யார்டு தள்ளி நடந்திருந்தால் 45 யார்டும் எதிரணிக்கு. கல்லூரி ஆட்டத்திலாவது 15 யார்டுக்கு மேல் போகாது; இங்கே வரம்பே இல்லை. இழுத்த கை ஒன்று, அபராதம் ஒன்பது மடங்கு! பந்து கிளம்பிய நொடி எது என்பதை வைத்துத்தான் இவ்வளவும். ரிசீவரின் இடுப்பையும் கையையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் ரெஃப்ரி, அதே நொடியில் 30 யார்டுக்கு அப்பால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் விரலை எந்தக் கண்ணால் பார்ப்பார்?

இன்னும் இருக்கிறது. டவுன் தொடங்கும் கோட்டிலிருந்து 5 யார்டைத் தாண்டியபின் ரிசீவரை இடித்தால் அது தனிக்குற்றம். ஆனால் குவார்ட்டர்பேக் பந்தோடு, சக வீரர்கள் அரண் கட்டி நிற்கும் பாக்கெட்டை விட்டு வெளியே ஓடிவிட்டால் அந்தத் தடை போய்விடும்; சட்டையைப் பிடிக்கக் கூடாது என்ற தடை மட்டும் இருக்கும். இதற்கெல்லாம் மேலே, பாஸ் இன்டர்ஃபெரன்ஸ் ஆகத் தொட்டால் மட்டும் போதாது, 'குறிப்பிடத்தக்க அளவு' தடுத்திருக்க வேண்டும் என்கிறது விதி. எந்த அளவு? புத்தகத்தில் அங்குலமும் இல்லை, விநாடியும் இல்லை. ஏழு ரெஃப்ரிகளிடம் ஓர் அடைமொழியைக் கொடுத்துவிட்டு ஒரே பதிலை எதிர்பார்க்கிறோம்.

2023 பிப்ரவரி 12, லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல். கான்சஸ் சிட்டிக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் 35-35 என்று சமன். இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாவது டவுனில் ஃபிலடெல்ஃபியாவின் ஜேம்ஸ் பிராட்பெரி மேல் ஹோல்டிங் கொடி (ரெஃப்ரி கொடி எறிந்தால் குற்றம் என்று பொருள்). கான்சஸ் சிட்டி கடிகாரத்தைக் கரைத்து, 27 யார்டு உதையில் 38-35 என்று வென்றது. ஊரே ரெஃப்ரியைத் திட்டியது. ஆட்டம் முடிந்ததும் பிராட்பெரியே, 'ஆமாம், சட்டையை இழுத்தேன்' என்று ஒப்புக்கொண்டார். ஆக, கொடி சரி. பிறகு எதற்குக் கோபம்? இதுபோன்ற இழுப்புகளை அதுவரை விட்டுவிட்டுக் கடைசியில் மட்டும் பிடித்தார்கள் என்பதுதான். விடவும் பிடிக்கவும் இரண்டுக்கும் இடம் கொடுக்கும்படி விதியை எழுதியது யார்?

'கேட்ச்' விவகாரத்தில் எதிரணி வாதம் தலைகீழாகிறது. 2010-ல் டிட்ராய்ட்டின் கால்வின் ஜான்சன், 2015 ஜனவரியில் டல்லாஸின் டெஸ் பிரையன்ட், 2017 டிசம்பரில் பிட்ஸ்பர்க்கின் ஜெஸ்ஸி ஜேம்ஸ். மூவரும் பிடித்ததை வீட்டில் சோபாவில் இருந்தவர்கூடக் கேட்ச் என்றார். மூன்றும் இல்லை என்றுதான் தீர்ப்பு வந்தது. கீழே விழுந்துகொண்டே பிடித்தால், தரையில் மோதி முடியும்வரை பந்து கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றது அன்றைய விதி. ஏழு ஆண்டுகள், மூன்று ஆட்டங்கள், ஒரே தீர்ப்பு! ரெஃப்ரிகள் மாறவே இல்லை. லீக்தான் 2018-ல் அந்த வாசகத்தைத் தூக்கிவிட்டு, கட்டுப்பாடு, இரண்டு கால், மூன்றாவது அடியோ பந்தை நீட்டுவதோ என்று மாற்றி எழுதியது.

குவார்ட்டர்பேக்கை முரட்டுத்தனமாகத் தாக்கக் கூடாது என்ற விதியை எடுங்கள். 2022 அக்டோபர் 9, ஞாயிறு: குவார்ட்டர்பேக் டாம் பிரேடியைச் சுழற்றித் தள்ளிய கிரேடி ஜாரெட் மேல் 15 யார்டு கொடி. மறுநாளே கிறிஸ் ஜோன்ஸ், இன்னொரு குவார்ட்டர்பேக்கான டெரெக் காரிடமிருந்து பந்தைப் பறித்தபடி அவர்மேல் விழுகிறார்; அதற்கும் கொடி. முதலாவதற்குச் சொன்ன காரணம் தேவையில்லாமல் தரையில் வீசினார் என்பது. இரண்டாவதற்கு, முழு உடல் எடையோடு விழுந்தார் என்பது. சுமார் 140 கிலோ ஆள் ஒரு கையில் பந்தை வைத்துக்கொண்டு, மறுகையை ஊன்றி விழுந்தார். எடையை எங்கே இறக்கி வைப்பது என்று விதி சொல்லட்டுமே! ('அநாவசியமாக வீசுதல்' என்பதும் அடைமொழிதான், கவனித்தீர்களா?)

வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்றாரே, 2019-ஐப் பார்ப்போம். சீசனுக்கு முன்பே தாக்குதல் வரிசை (குவார்ட்டர்பேக்குக்கு அரணாக நிற்பவர்கள்) செய்யும் ஹோல்டிங்கைக் கண்டிப்பாகப் பிடிக்கச் சொன்னது லீக். முதல் இரண்டு வாரம் கொடி மழை. ஆட்டம் நின்று நின்று நகர்ந்தது. டாம் பிரேடியே ட்விட்டரில் புலம்பினார். உடனே லீக் ரெஃப்ரிகளைத் தொலைபேசியில் கூட்டி, அப்பட்டமானதை மட்டும் பிடியுங்கள் என்றது. கொடிகள் குறைந்தன. அந்த மாற்றம் ரெஃப்ரியின் மனசாட்சியில் நடந்ததா, லீக்கின் நியூயார்க் அலுவலகத்தில் நடந்ததா?

ஒன்றை மறைக்க மாட்டேன். 2019 ஜனவரி 20, நியூ ஆர்லியன்ஸ். பந்து வருமுன்பே ரிசீவர் டாமிலீ லூயிஸைத் தடுப்பாட்டக்காரர் நிக்கல் ரோபி-கோல்மன் மோதிச் சாய்த்தார், கொடி விழவில்லை. அது ரெஃப்ரியின் பிழைதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அரங்கமே திரையில் பார்த்த பிழையைத் திருத்த அன்றைய மறுஆய்வு விதியில் வழியே இல்லை. அடுத்த சீசனில் வழி திறந்தார்கள். பயிற்சியாளர்கள் மறுஆய்வு கேட்டுச் சிவப்புக் கொடி எறிந்து பெரும்பாலும் தோற்றார்கள். ஏனென்றால் அங்கேயும் தடுத்தது 'தெளிவாக, அப்பட்டமாக' தெரிய வேண்டும் என்று இன்னும் இரண்டு அடைமொழிகள்! ஒரே ஆண்டில் மூட்டை கட்டிவிட்டார்கள்.

முழுநேர ரெஃப்ரிகளை வைத்தால் தீரும் என்றார் நண்பர். 2017-ல் லீக் இருபதுக்கும் மேற்பட்டவர்களை முழுநேரம் ஆக்கியது. 2019-ல் அந்தத் திட்டம் நின்றது. சீசன் முழுக்க ஒரே குழுவாகப் பழகியவர்களைத் தனித்தனியாக மதிப்பெண் போட்டுப் பிரித்து, பிளேஆஃபுக்குக் கலவைக் குழு அமைக்கும் வழக்கமும் லீக்கினுடையதே.

கடைசியாக, 2025 ஜனவரி 26. நான்காவது டவுனில் ஒரு யார்டு வேண்டும். பஃபலோவின் ஜோஷ் ஆலன் கூட்டத்துக்குள் புகுந்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடிவந்த இரண்டு ரெஃப்ரிகள் இரண்டு இடம் காட்டினார்கள். குறைந்த இடமே நின்றது. மறுஆய்விலும் உடல்களுக்கு அடியில் பந்து தெரியவில்லை. 32-29, கான்சஸ் சிட்டி வெற்றி. அந்த ஆண்டே லீக் சங்கிலிக்குப் பதிலாக ஹாக்-ஐ கேமராக்களைக் கொண்டுவந்தது. எதற்கு? வைத்த பந்துக்கும் எட்ட வேண்டிய கோட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதற்கு. பந்தை எங்கே வைப்பது என்பதை இன்னமும் ஓடிவரும் ரெஃப்ரியின் காலடிதான் முடிவு செய்கிறது. சண்டையே இல்லாத பாதிக்கு கேமரா, சண்டை நடக்கிற பாதிக்கு மனிதக் கண் என்று பங்கு போட்டது யார் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் வந்து சொல்லட்டும், நடுவர் அவர்களே. வணக்கம்.