நாற்பது வார்த்தை எழுதியும் ஒன்றும் நிற்கவில்லையே, ஏன்?

சரி, அடுத்த கேள்வி. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற ஒரு தம்பி அனுப்பியிருக்கிறார். "சார், ஆங்கிலச் செய்தி பார்த்தால் வார்த்தை பெருகும் என்று சொன்னீர்கள். மூன்று மாதமாக நேட்டோ, உக்ரைன், காசா என்று போர்ச் செய்தியாகப் பார்த்து, தினமும் நாற்பது வார்த்தை நோட்டில் எழுதுகிறேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. செய்தி சரியில்லையா, நான் படிக்கிற விதம் சரியில்லையா?"

விதம்தான் தம்பி. நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். ட்ரீட்டி என்றால் ஒப்பந்தம். பேக்ட், ஒப்பந்தம். அக்கார்ட், ஒப்பந்தம். அக்ரிமென்ட், அதுவும் ஒப்பந்தம். நான்கு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால் யாரைக் கூப்பிட்டால் யார் திரும்புவார்? வார்த்தையைத் தனியாகப் பிடுங்கி நோட்டில் நட்டால் வேர் பிடிக்காது. அது எந்த வினைச்சொல்லோடு வந்தது, எந்தக் கதையில் வந்தது என்பதோடு சேர்த்து எடுக்க வேண்டும்.

அதனால் நாற்பது செய்தி வேண்டாம், ஒரே கதை போதும். அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் இருக்கிற ராணுவக் கூட்டணியான நேட்டோவில் பின்லாந்தும் ஸ்வீடனும் சேர்ந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்துபோன கதை, முழுசாகக் கிடைக்கும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு நுழைந்தது. அதுவரை எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராமல் இருந்த இந்த இரண்டு நாடுகளும் மே 18 அன்று ஒன்றாக விண்ணப்பம் கொடுத்தன. இங்கே வருகிற வினை 'அப்ளை'. நம்மாள் வேலைக்கு அப்ளை பண்ணுகிறானே, அதே அப்ளை. ஆனால் தலைப்பில் 'அப்ளிகேஷன்' என்று பெரும்பாலும் போடமாட்டார்கள், 'நேட்டோ பிட்' என்று போடுவார்கள். மூன்று எழுத்தில் வேலை முடிகிறதே! ஏலத்தில் கேட்பதும் பிட், இப்படி ஒன்றுக்கு முயல்வதும் பிட்.

ஜூலையில் அப்போதிருந்த 30 உறுப்பு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. அதோடு முடிந்ததா? இல்லை. 'சைன்' வேறு, 'ராட்டிஃபை' வேறு. தூதரோ அமைச்சரோ போடுவது சைன். அதை நாடு தன் சட்டப்படி, பெரும்பாலும் நாடாளுமன்றத்தில் வைத்து, உறுதி செய்வது ராட்டிஃபை. நிச்சயதார்த்தத்துக்கும் தாலி கட்டுவதற்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அணு ஆயுதச் சோதனையை முழுதாகத் தடை செய்யும் ஒப்பந்தத்தில் அமெரிக்கா 1996இல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை ராட்டிஃபை செய்யவில்லை. ரஷ்யா ராட்டிஃபையே செய்துவிட்டு, 2023 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. அந்தச் செய்தியில் வந்த வினை 'ரிவோக்'. நோட்டில் 'ராட்டிஃபை: அங்கீகரி' என்று எழுதியதை அடித்துவிட்டு இந்த இரண்டு வரியை எழுதுங்கள், மறக்காது.

கதைக்குத் திரும்புவோம். துருக்கியும் ஹங்கேரியும் ராட்டிஃபை செய்யாமல் இழுத்தன. இந்த இடத்தில்தான் 'ஸ்டால்', 'டிலே', 'ஹோல்ட் அவுட்' எல்லாம் வரும். ஒரு வழியாக பின்லாந்து 2023 ஏப்ரல் 4 அன்று 31ஆவது நாடாகச் சேர்ந்தது. ஸ்வீடன் இன்னும் கிட்டத்தட்ட ஒரு வருடம் காத்திருந்து 2024 மார்ச் 7 அன்று 32ஆவதாகச் சேர்ந்தது. சேரும் நாளில் 'இன்ஸ்ட்ருமென்ட் ஆஃப் அக்ஸெஷன்' என்ற ஒன்றை அமெரிக்க அரசிடம் ஒப்படைத்தார்கள். இன்ஸ்ட்ருமென்ட் என்றதும் வீணையும் மிருதங்கமும் ஞாபகம் வரும். சட்ட ஆங்கிலத்தில் அது பத்திரம், ஆவணம். 1947 அக்டோபரில் காஷ்மீர் மகாராஜா ஹரி சிங் கையெழுத்திட்ட இணைப்பு ஆவணத்துக்கும் இதே பெயர்தான். தேர்வுக்கு நீங்கள் ஏற்கெனவே படித்த வார்த்தை, வேறு சட்டை போட்டு வந்திருக்கிறது.

அலையன்ஸுக்கு நீங்கள் எழுதிய 'கூட்டணி' சரிதான். ஆனால் நமக்குக் கூட்டணி என்றால் முதலில் சீட்டுப் பங்கீடுதான் கண்ணில் வரும். நம் ஊர் ஆங்கிலப் பத்திரிகையின் மணமகன், மணமகள் விளம்பரத்திலோ 'அலையன்ஸ் இன்வைட்டட்' என்று போடுகிறார்கள், அங்கே அது சம்பந்தம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான், கட்டு. லத்தீனில் 'லிகாரே' என்றால் கட்டுவது. கிரிக்கெட் வீரருக்குக் கிழிந்துபோகிற லிகமென்ட் எலும்பை எலும்போடு கட்டுகிறது. பைக்கில் அலாய் வீல் என்கிறோமே, அந்த அலாயும் இதே குடும்பம், உலோகங்களைச் சேர்த்துக் கட்டியது. அணிசேரா நாடுகளை 'நான்-அலைண்ட்' என்கிறோமே, அதில் வருகிற அலைன் மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது லைன், அதாவது வரிசையிலிருந்து வந்தது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்து ஏமாற்றும்.

கூட்டணியில் இருக்கிற நாட்டைச் சொல்கிற ஏ-எல்-எல்-ஒய் என்ற வார்த்தையை நிறையப் பேர் 'அல்லி' என்று படிக்கிறார்கள். அல்லி குளத்தில் பூக்கிறது. இது கரும்பு ஆலை, நூல் ஆலை என்கிறோமே, அந்த ஆலைக்குப் பக்கத்தில் வரும் உச்சரிப்பு, கடைசி 'ஐ' நன்றாக விழ வேண்டும். நடுவில் ஒரு 'ஈ' சேர்ந்தால் அது 'ஆலி', சந்து.

அடுத்து சண்டை நிற்கிற வார்த்தைகள். உங்கள் நோட்டில் சீஸ்ஃபயர், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ் மூன்றுக்கும் 'போர்நிறுத்தம்' என்று இருக்கிறது. சீஸ்ஃபயர் என்றால் சுடுவதை நிறுத்துவது, அவ்வளவுதான். ட்ரூஸ் என்பது 'ட்ரூ' என்ற சொல்லின் உறவு, வாக்குக் கொடுத்துத் தற்காலிகமாக நிறுத்துவது. பேச்சு வழக்கில் இந்த இரண்டும் கலந்துதான் வரும், ரொம்பப் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஆர்மிஸ்டிஸ் இன்னும் முறையானது, எழுதிக் கையெழுத்துப் போடுவது. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ். சமாதான ஒப்பந்தம் இன்றுவரை ஆகவில்லை.

இந்த வித்தியாசம் வெறும் இலக்கணம் இல்லை. 2025 மே 10 ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்க அதிபர் டிரம்ப் இந்தியா, பாகிஸ்தான் பற்றிப் பதிவு போட்டபோது 'ஃபுல் அண்ட் இமீடியட் சீஸ்ஃபயர்' என்று எழுதினார். நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கரோ 'அண்டர்ஸ்டேண்டிங்' என்றும், 'ஸ்டாப்பேஜ் ஆஃப் ஃபயரிங் அண்ட் மிலிட்டரி ஆக்‌ஷன்' என்றும் எழுதினார். நடந்தது ஒன்று, வார்த்தை இரண்டு. எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல ஆங்கில வகுப்பு கிடையாது. யார் எந்த வார்த்தையை எடுத்தார், எதைத் தொடாமல் விட்டார் என்று பார்க்கப் பழகினால், வார்த்தை தானாக ஒட்டிக்கொள்ளும்.

சீஸ்ஃபயர் யாரோடு வருகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது ஆள் நடுவில் நின்று ஏற்படுத்தினால் 'ப்ரோக்கர்', நிலைத்தால் 'ஹோல்ட்', மீறினால் 'வயலேட்', உடைந்தால் 'கொலாப்ஸ்'. எப்போது வேண்டுமானாலும் உடையும் என்றால் 'ஃப்ராஜைல்'. நாற்பது தனி வார்த்தைக்கு இந்த ஐந்து ஜோடி மேல்.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 'ஃபின்லாந்து டு ஜாயின் நேட்டோ' என்றால் இனிமேல் சேரப்போகிறது. 'ஃபின்லாந்து ஜாயின்ஸ் நேட்டோ' என்றால் சேர்ந்துவிட்டது. நிகழ்காலம் மாதிரி இருந்தாலும் நடந்து முடிந்ததுதான்.

கடைசியாக, எதிலிருந்து ஆரம்பிப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். வீடியோவை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். 1949 ஏப்ரல் 4 அன்று கையெழுத்தான நேட்டோ ஒப்பந்தத்தையே படியுங்கள். பயப்படாதீர்கள், மொத்தம் 14 பிரிவுதான், ஒரு டீ குடிக்கிற நேரம். ஐந்தாவது பிரிவில் கொஞ்சம் நில்லுங்கள். ஒருவர் மேல் விழுகிற அடி எல்லார் மேலும் விழுந்த அடி என்று செய்தியில் சொல்கிறார்களே, அந்தப் பிரிவு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் அதை 'இன்வோக்' செய்திருக்கிறார்கள், அதாவது செயலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்குள் 'சச் ஆக்‌ஷன் அஸ் இட் டீம்ஸ் நெசஸரி' என்று ஒரு துண்டு வரும். 'டீம்' என்றால் கருதுவது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை 'டீம்டு யுனிவர்சிட்டி' என்கிறோமே, அந்த டீம். ஒரு நாட்டைத் தாக்கினால் மற்ற 31 நாடுகளும் படை அனுப்பித்தான் ஆக வேண்டுமா, இல்லையா? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிக் கீழே போடுங்கள், அடுத்த வாரம் திருத்தித் தருகிறேன்.