ஃபஜ்ர் திரைப்பட விழா: ஈரானிய சினிமாவின் வாசலும் காவலும்

(காட்சி: பனி படர்ந்த எல்புர்ஸ் மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் தெஹ்ரான் நகரம்.)

ஈரானில் அந்தந்த ஆண்டு உருவான முக்கியத் திரைப்படங்கள் பல, பிப்ரவரி மாதக் குளிரில் நடைபெறும் ஃபஜ்ர் விழாவில்தான் முதன்முறையாகப் பார்வையாளர்களைச் சந்திக்கின்றன. 1983-ஆம் ஆண்டு தொடங்கிய இவ்விழாவின் தேதியிலேயே அரசியல் இருக்கிறது: 1979 பிப்ரவரி 1 அன்று புரட்சியின் தலைவரான மதகுரு கொமெய்னி நாடு திரும்பியது முதல் பிப்ரவரி 11 அன்று இஸ்லாமியப் புரட்சி வென்றது வரையிலான நாட்களை அரசு கொண்டாடும் காலத்தை ஒட்டியே இது அமைக்கப்பட்டது.

(காட்சி: எரிந்த திரையரங்கு ஒன்றின் கறுப்பு வெள்ளைப் படம்.)

புரட்சிக் காலத்தில் சினிமா மேற்கத்தியச் சீரழிவின் அடையாளமாகக் கருதப்பட்டதால் பல திரையரங்குகள் தீக்கிரையாயின. 1978 ஆகஸ்டில் அபாதான் நகரின் ரெக்ஸ் திரையரங்கில் மூட்டப்பட்ட தீயில் மட்டும் 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயினும் கொமெய்னி, நாடு திரும்பிய அன்றே தெஹ்ரான் கல்லறைத் தோட்டத்தில் ஆற்றிய உரையில், தாங்கள் சினிமாவுக்கு எதிரிகள் அல்லர், அது தவறாகப் பயன்படுத்தப்படுவதையே எதிர்க்கிறோம் என்று தெளிவுபடுத்தினார். சினிமாவை ஒழிக்காமல் வளர்ப்பது, வளர்க்கும் கையாலேயே அதற்கு வேலியும் கட்டுவது என்ற அரசுக் கொள்கையின் வித்து அந்த உரையில் இருக்கிறது. திரைப்படத் துறைக்கு உதவும் அரசு சார்ந்த அமைப்பான ஃபராபி சினிமா அறக்கட்டளையும் ஃபஜ்ர் விழாவும் அதன் விளைவுகளே.

அந்த வேலி செயல்படும் விதம் எளிமையானது. படப்பிடிப்புக்கு ஓர் அனுமதி, திரையிடலுக்கு மற்றோர் அனுமதி என இரண்டையும் பண்பாடு மற்றும் இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சகமே வழங்குகிறது. விழாவும் அரசின் பொறுப்பில் நடப்பதால், தடுக்கும் கையும் விருது கொடுக்கும் கையும் ஒன்றாகிவிடுகின்றன.

(காட்சி: ஃபஜ்ர் விழாவின் படிக சிமுர்க் விருது. பாரசீகக் காவியங்களில் வரும் மாயப் பறவையின் வடிவம்.)

இதற்கு இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் அனுபவத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 2010 செப்டம்பரில், ஒரு விருது நிகழ்ச்சியில், நாட்டை விட்டு வெளியேறிய இயக்குநர் மொஹ்சென் மக்மல்பாஃப் திரும்பி வர வேண்டும், இன்னொரு இயக்குநரான ஜாஃபர் பனாஹி மீண்டும் படமெடுக்க வேண்டும் என்ற விருப்பத்தை அவர் வெளியிட்டதும், அவர் இயக்கிக்கொண்டிருந்த ‘ஒரு பிரிவு’ (A Separation) படத்தின் அனுமதி திரும்பப் பெறப்பட்டது. சில வாரங்களில் தடை நீங்கியது. அடுத்த பிப்ரவரியில் அதே படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான சிமுர்க் விருதை ஃபஜ்ர் விழா அவருக்கு அளித்தது; பார்வையாளர் விருதும் அப்படத்துக்கே கிடைத்தது. அதே மாதத்தில் பெர்லின் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கக் கரடியையும், 2012-இல் ஆஸ்கரையும் அது வென்றது. அதிகாரிகளின் கோபத்தையும் நகரத்து ரசிகர்களின் அன்பையும் ஐந்தே மாத இடைவெளியில் பெற்ற படம் அது. இவ்விழாவை வெறும் அரசுப் பிரசார மேடை என்று ஒதுக்கிவிடுவது அவசர முடிவு என்றே சொல்லத் தோன்றுகிறது.

எனினும் இங்கே இடம்பெறாதவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2020 ஜனவரியில் ஈரானியப் படை உக்ரைன் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 176 பேர் உயிரிழந்தபோது, கலைஞர்கள் சிலர் தாமாகவே விழாவைப் புறக்கணித்தனர். அனுமதி பெறாமல் எடுக்கப்படும் படங்களுக்கோ இவ்விழாவின் கதவு திறப்பதே இல்லை. 2010 டிசம்பரில் 20 ஆண்டுகள் படமெடுக்கத் தடை விதிக்கப்பட்ட பனாஹி, மறைவாகத் தொடர்ந்து படங்களை உருவாக்கி, அவ்வாறு எடுத்த ஒன்றுக்காக 2025-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப் பனையை வென்றார். ஈரானின் சார்பில் ஆஸ்கருக்குப் படம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஃபராபி அறக்கட்டளையிடம் இருக்கிறது; ஆனால் பனாஹியின் அந்தப் படத்தை ஆஸ்கருக்கு அனுப்பிய நாடு பிரான்ஸ்.