ஊத்துத் தண்ணி

எல்லாருக்கும் வணக்கம். நான் பெருமாள்மலைக்காரன். முப்பது வருசமா கேமராவ தூக்கிட்டு இந்த பழனி மலையில அலையுறேன், அதுல முக்காவாசி அலைச்சல் தண்ணியத் தேடித்தான்.

முதமுதல்ல எடுத்த படம் சில்வர் கேஸ்கேட் அருவி, நம்ம கொடைக்கானல் ஏரி நெறஞ்சு வழியுற தண்ணி. அந்த ஏரியே 1863ல லெவிஞ்ச் துரை ஓடைய மறிச்சு உண்டாக்குனதுதான். அப்பறம் தலையாறு, எலிவால் அருவின்னு சொல்லுவோம்ல, வத்தலக்குண்டு ரோட்டுல டம்டம் பாறையில நின்னா எதுத்தாப்ல தெரியுமே, 297 மீட்டர், தமிழ்நாட்டுலயே அதுதான் ஒசரம். மழ விட்ட மறுநாள் விடியக்காலம் அங்க போய் நிக்கணும், நடுவுல மேகம் வந்து மறைச்சுக்கும், மேல ஒரு துண்டு கீழ ஒரு துண்டுன்னு வெள்ளையா தொங்கும், அதப் பாக்குறதுக்கே எத்தனயோ தடவ போயிருக்கேன்.

ஷட்டர ரெண்டு மூணு செகண்ட் தொறந்து வெச்சா அருவி பஞ்சு மாதிரி வந்துரும், நானும் பத்து வருசம் அப்படித்தான் எடுத்தேன், பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா பக்கத்துல நின்னா அந்த எரைச்சல் நெஞ்சுக்குள்ள அதிருது, அவ்ளோ கனமான தண்ணி படத்துல பஞ்சா கெடக்குறது எனக்கு மனசுக்கு ஒப்பல. இப்பல்லாம் கால் செகண்ட், அதுக்கும் கம்மிதான். நூல் நூலா பிரிஞ்சு தெரியும். ஓடைன்னா லென்ஸுக்கு முன்னாடி போலரைசர்ங்குற ஃபில்டர மாட்டிட்டு சாய்வா குனிஞ்சு எடுப்பேன், தண்ணிக்கு மேல அடிக்குற பளபளப்பு போய் அடியில கெடக்குற கூழாங்கல்லு ஒன்னொன்னா தெரியும்.

ஒரு பங்குனி மாசம், வாரக்கணக்கா மழ இல்ல, தலையாறு வெறும் நூலா எறங்குது. ஆனா எறங்குது. மழையே இல்லாம இது எங்கருந்து வருதுன்னு அன்னைக்குதான் உறைச்சுச்சு. அதுலருந்து மலைக்கு மேல, சோலையும் புல்வெளியும் சேருற எடங்கள்லதான் என் படமெல்லாம். பெய்யுற மழைய அந்த புல்லும் அதுக்கு கீழ இருக்குற மண்ணும் குடிச்சு வெச்சுக்குது, வெயில் மாசத்துல சொட்டு சொட்டா விடுது. அந்த புல்வெளியிலதான் வாட்டில்ங்குற வெளிநாட்டு மரத்தையும் பைனையும் கொண்டாந்து நட்டாங்க, இப்ப வாட்டில் தானாவே பரவிட்டே போகுது, பத்து வருசத்துக்கு முன்னாடி நான் படம் எடுத்த ரெண்டு ஊத்து இன்னைக்கு வாட்டில் காட்டுக்குள்ள ஈரம்கூட இல்லாம கெடக்கு. அந்த பழைய படங்கள பாக்குறப்ப தொண்ட அடைக்குது.

போன மாசம் ஒரு ஊத்து படத்த பிரிண்ட் போட்டு வீட்டுக்கு கொண்டு போனேன். பாசி புடிச்ச பாறை, ஓரமா தண்ணி கசியுது, அவ்ளோதான் படம். அம்மாவுக்கு கண்ணு மங்கிருச்சு, ஜன்னல் வெளிச்சத்துக்கு கொண்டு போய் ரொம்ப நேரம் பாத்துச்சு. அப்பறம் பாறையில இருந்த ஒரு சின்ன பள்ளத்துல வெரல வெச்சு, "இதுலதான்டா கொடத்த வெப்பேன், நீ வயித்துல இருந்தப்பக்கூட"ன்னு சொல்லுச்சு.