மழை ஊரில் பிறந்த பாலைவனப் பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு குழுவின் வெற்றிப் பாட்டுகளைத் திரட்டிப் போடும் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பு என்றாலே பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஏற்கெனவே விற்ற சரக்கைப் புது உறையில் போட்டு விற்கிறார்கள் என்பார்கள். அவர்களிடம் நான் எப்போதும் எடுத்து நீட்டுவது, ‘அமெரிக்கா’ குழு 1975 கடைசியில் வெளியிட்ட ‘ஹிஸ்டரி’ இசைத்தட்டைத்தான். நாட்டைச் சொல்லவில்லை, குழுவின் பெயரே அமெரிக்கா.

பெயர்தான் அமெரிக்கா. பிறந்தது லண்டனில். ஜெர்ரி பெக்லி, டூயி பன்னல், டான் பீக் என்று மூன்று பையன்கள். மூவரின் அப்பாக்களும் இங்கிலாந்தில் பணியில் இருந்த அமெரிக்க விமானப்படைக்காரர்கள். அப்பாவுக்கு மாற்றல் வந்து ஊர் ஊராகப் போன பிள்ளைகளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இருக்கிற ஊரைவிட விட்டு வந்த ஊர்தான் அவர்கள் பேச்சில் அதிகம் வரும். இந்தப் பையன்களின் பாட்டிலும் அதுதான் வந்தது.

1972இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ‘எ ஹார்ஸ் வித் நோ நேம்’ ஒரு பாலைவனப் பாட்டு. ஆனால் பன்னல் அதை எழுதியது மழையும் ஈரமுமான இங்கிலாந்தில்! சின்ன வயதில் குடும்பத்தோடு அரிசோனா, நியூ மெக்சிகோ பக்கம் பார்த்த வெயில் அங்கே உட்கார்ந்திருந்தபோது மனதில் வந்திருக்கிறது. பாட்டுக்குக் கிட்டாரில் இரண்டே ‘கார்டு’தான், அதாவது ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு இரண்டுதான். வீட்டில் யாராவது கிட்டார் வாசித்தால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு விரல், ஒன்று மேலே ஒரு கம்பி, மற்றது கீழே ஒரு கம்பி. அவ்வளவுதான் நகரும். பாலையில் போகிறவனுக்கும் மண், வானம் என்று இரண்டுதானே மாறி மாறித் தெரியும்?

இவர்களின் ‘வென்ச்சுரா ஹைவே’ பாட்டின் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். பன்னல் சின்னப் பையனாகக் கலிஃபோர்னியாவில் குடும்பத்தோடு போகும்போது கார் டயர் பஞ்சர். அப்பா டயர் மாற்றுகிறார். பன்னலும் சகோதரரும் ஓரமாக நின்று மேகத்தைப் பார்க்கிறார்கள். ஒரு மேகம் பல்லி, இன்னொன்று முதலை. பக்கத்தில் வென்ச்சுரா என்று ஊர்ப்பலகை. அந்த நேரம் பல வருடம் கழித்துப் பாட்டாகிவிட்டது. பஞ்சர் ஆன வண்டியிலிருந்து இறங்கி நாமும்தான் நின்றிருக்கிறோம், வானத்தைப் பார்த்திருக்கிறோம்.

சரி, தட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு பாட்டு. கடைசி ஐந்தும் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பதிவு செய்தவை. முதல் ஏழும் அவர் வருவதற்கு முன்னால் வந்தவை. அப்படியே அடுக்கியிருந்தால் வேலை சுலபம். மார்ட்டின் அப்படிச் செய்யவில்லை. அந்த ஏழின் பழைய டேப்புகளையும் எடுத்து மறுபடி மிக்ஸ் செய்தார். கச்சேரியில் மைக்காரர் மிருதங்கத்தைக் கொஞ்சம் தூக்கி, வயலினைக் கொஞ்சம் இறக்கினால் அதே வித்வான், அதே கீர்த்தனைதான், ஆனால் நம் காதுக்கு வேறு கச்சேரி. அதைத்தான் அவர் செய்தார். புதிதாக யாரும் பாடவில்லை. ஐந்து வருடப் பாட்டுகள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பாடியது போல ஆகிவிட்டன. மறுபடி கட்டி விற்பது வேறு, மறுபடி காது கொடுத்துக் கேட்பது வேறு. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். அப்புறம் டான் பீக் 1977இல் விலகியதையும், மற்ற இருவரும் பல பத்தாண்டுகள் மேடையேறியதையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். முடியவில்லை. தட்டின் உறையை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதை வடிவமைத்தவர் ஃபில் ஹார்ட்மன். பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகராகப் பேர் வாங்கிய அதே ஹார்ட்மன்தான். தட்டு கையில் கிடைத்தால் உறையையும் ஒரு நிமிடம் பாருங்கள். வணக்கம்.