சாம் சொன்ன ஒரு கடுஞ்சொல்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு சாயங்காலத்தில் உட்கார்ந்து கதை படிப்பவன் நான். நாங்கள் படித்ததிலேயே அதிகம் சண்டை போட்ட புத்தகம் டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 1954, 55-இல் மூன்று பாகமாக வந்த நாவல்.

யார் கையில் சிக்கினாலும் அவரையே கெடுத்துவிடும் ஒரு மோதிரம், அதை எரிமலையில் போட்டு அழிக்க வேண்டும். சுமந்து போகிறவன் ஃப்ரோடோ, கூடவே போகிறவன் அவன் வீட்டுத் தோட்டக்காரன் சாம். வழி காட்ட வருகிறவன் கொல்லம். ஏறக்குறைய 500 வருடம் அந்த மோதிரத்தை வைத்திருந்து, அதன் மேல் பித்துப் பிடித்து, உருக்குலைந்து போனவன் அவன். அவனை ஃப்ரோடோ நம்புகிறான். சாம் கடைசி வரை நம்பவில்லை.

சாமைப் பிடிக்காதவர் யார்? அந்தக் கரடுமுரடான பயணத்தில் சமையல் பாத்திரத்தையும் உப்பையும் முதுகில் கட்டித் தூக்கி வருகிறவன், முயல் கிடைத்தால் குழம்பு வைக்கிறவன். கடைசியில் அந்த எரிமலை இருக்கும் மோர்டார் நாட்டில், சுமையைக் குறைத்தே ஆக வேண்டும் என்ற நிலையில், அந்தப் பாத்திரங்களைப் பள்ளத்தில் வீசுகிறான். அவை கடகடவென்று உருண்டு விழும் சத்தம் அவன் நெஞ்சில் சாவு மணியாய் அடிக்கிறது. கையில் இருக்கும் சாப்பாடு போவதற்குத்தான் காணும், திரும்பி வருவதற்குக் காணாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் அவனுக்குப் புது வேகமே வருகிறது. முதல் உலகப் போரில் தான் பார்த்த சாதாரணச் சிப்பாய்களின் சாயல்தான் சாம் என்று டோல்கீனே சொல்லியிருக்கிறார். 1916-இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர் அவர்.

ஆனால் நாங்கள் சண்டை போட்டது வேறு இடத்துக்காக. மலைப் படிக்கட்டில் ஃப்ரோடோ சாமின் மடியில் தலைவைத்துத் தூங்குகிறான், சாமும் கண்ணயர்ந்துவிட்டான். அப்போது கொல்லம் திரும்பி வருகிறான். ஒரு ராட்சச சிலந்திக்கு இவர்கள் இருவரையும் இரையாக்கத் திட்டம் போட்டிருப்பவன்தான். தூங்குகிறவர்களைப் பார்த்ததும் அவன் கண்ணில் இருந்த அந்தப் பளபளப்பு அணைந்து போகிறது, களைத்துப்போன ஒரு கிழவனாகத் தெரிகிறான், நடுங்கும் கையை மெதுவாக நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான், கிட்டத்தட்ட வருடிக் கொடுப்பதுபோல. சாம் விழித்துக்கொண்டு, எங்கே பதுங்கிப் பதுங்கிப் போய் வருகிறாய் என்று எரிந்து விழுகிறான். அவ்வளவுதான். கொல்லம் மறுபடி பழைய கொல்லம் ஆகிவிட்டான்.

சாம் கெட்டவனா? இல்லையே. ஃப்ரோடோ மேல் அவனுக்கு இருக்கும் பாசம்தான் அப்படிப் பேச வைத்தது. என்னை உலுக்குவதும் இதுதான். ஒருவர் மேல் நாம் வைக்கும் அன்பே இன்னொருவரை வாசலோடு விரட்டிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு பையன், பழைய வழக்கு ஒன்று இருக்கிறது, படிப்பு வகுப்பு வாசலில் வந்து உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றான். "இன்னாடா, இன்னாத்த தூக்க வந்த?" என்று ஓர் அம்மா கேட்டார். தன் பிள்ளை உள்ளே இருக்கிறதே என்ற பயம் அவருக்கு. அதோடு அந்தப் பையன் வரவே இல்லை. வியாசர்பாடி என்று சொன்னாலே வீடு தர யோசிக்கிறார்கள் என்று வருத்தப்படுகிற நாம், நமக்குள்ளேயும் அதைத்தான் செய்கிறோம்.

சாமின் அந்த ஒரே ஒரு கடுஞ்சொல்லால்தான் கொல்லம் திருந்துவது மயிரிழையில் தவறியது என்று டோல்கீன் 1945-இல் தன் மகனுக்குக் கடிதம் எழுதினார். தன் மனதை மிகவும் தொட்ட இடங்களில் அதையும் சேர்த்துச் சொல்கிறார்.

சரி, சாம் மாறவே இல்லையா? மாறுகிறான். எரிமலைச் சரிவில் கொல்லம் அவன் வாள் முனையில் கிடக்கிறான், ஒரே குத்து போதும். ஆனால் இடையில் கொஞ்ச நேரம் மோதிரத்தைத் தானே சுமந்ததால், அது ஒருவனை என்ன பாடு படுத்தும் என்று சாமுக்கு இப்போது தெரியும். வெட்டாமல் விட்டுவிடுகிறான். மேலே ஃப்ரோடோ மோதிரத்தை நெருப்பில் போட மனம் வராமல் தனக்கே என்று எடுத்துக்கொள்ள, விரட்டிவிட்ட கொல்லம் பாய்ந்து வந்து, விரலோடு கடித்துப் பிடுங்கி, கால் இடறி நெருப்புக்குள் விழுகிறான். மோதிரம் அப்படித்தான் அழிகிறது.

படம் பார்த்தவர்களுக்கு ஒன்று: அந்தப் படிக்கட்டுக் காட்சி படத்தில் இப்படி வராது. நாவலின் இரண்டாம் பாகத்தின் பிற்பகுதியில் இருக்கிறது, தேடிப் படியுங்கள். நன்றி, வணக்கம்.