பழைய நேரமா, புதிய நேரமா?

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கலியாணப் பேச்சு நடக்கிற காலம். சாதகக் குறிப்பைக் கையில் எடுத்தவுடன் கேட்க வேண்டியது, எழுதியிருப்பது பழைய நேரமா, புதிய நேரமா என்பதுதான்.

இலங்கையில் 1996இல் மழை பொய்த்து நீர்மின்சாரம் குறைந்தபோது, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணித்தியாலம் திரும்பி வந்தது. மீதி அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15இல், சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தது.

புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றம் நடைமுறைக்கு வரவில்லை. மட்டக்களப்புப் பட்டினத்தில் புதிய நேரம், துறை கடந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனால் பழைய நேரம்.

சனத்துக்கு இது மனதில் ஒட்டாததற்கு நியாயம் இருக்கிறது. கோடையில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுகிற லண்டனில் கோடைப் பகலுக்கும் மாரிப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்பது மணித்தியால வித்தியாசம்; விடியற்காலையில் வீணாகிற வெளிச்சத்தை மாலைக்கு மாற்றலாம். மட்டக்களப்பில் அந்த வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. மாற்றுவதற்கு இங்கே வெளிச்சம் மிச்சமில்லை. அரை மணித்தியாலம் கூட்டியிருந்த காலத்தில் தை மாதக் கடைசியில் சூரியன் எழும்ப ஏறக்குறைய 6.50 ஆகும், ஏழரைப் பள்ளிக்கூடத்துக்குத் தூரத்துப் பிள்ளைகள் இருட்டோடு வெளிக்கிட வேண்டும்.

இனிக் குறிப்புக்கு வருவோம். 1996 மே 25 முதல் ஒக்டோபர் 25 வரை ஆஸ்பத்திரியில் எழுதிய நேரத்தில் ஒரு மணித்தியாலம் கழிக்க வேண்டும்; அதன்பின் 2006 ஏப்ரல் 14 வரை அரை மணித்தியாலம். நட்சத்திரம் பெரும்பாலும் மாறாது, சந்திரன் அரை மணித்தியாலத்தில் கால் பாகைதான் நகரும். பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் இராசியான இலக்கினமோ ஏழரைப் பாகை அளவு நகர்ந்துவிடும். இராசியை ஒன்பதாகப் பிரித்த பங்கான நவாம்சம் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒன்று மாறுவதால், இரண்டு அம்சம் தள்ளிப்போகும்.

அதிகம் பிழைப்பது கணினியில்தான். சில மென்பொருள்கள் அந்த வருடங்களின் மாற்றத்தைத் தாமாகவே கழிக்கும். சில எப்போதும் பழைய நேரத்தையே, அதாவது கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியதையே வைத்திருக்கும். தானாகக் கழிக்கிற மென்பொருளில் நாமும் கழித்துப் போட்டால் பிழை மறுபக்கம் போய்விடும். நேர வலயம் என்ற இடத்தில் 6.30, 6.00, 5.30 இவற்றில் எது நிற்கிறது என்று பாருங்கள். 5.30 நின்றால் மட்டும் நீங்கள் கழியுங்கள்.

படுவான்கரையில் வீட்டில் பிறந்த பிள்ளையென்றால், அந்த வீட்டு மணிக்கூடு எந்த நேரம் காட்டியது என்று தாயிடமோ அம்மம்மாவிடமோ கேளுங்கள். பழைய நேரமென்றால் கழிக்க வேண்டியதில்லை. யாருக்கும் நினைவில்லையென்றால் இரண்டு நேரத்துக்கும் குறிப்பு எழுதுவித்து, இரண்டையும் சாத்திரியாரிடம் கொடுங்கள்.